மூடாமல் விட்ட நடுக்கம்

ஓங்கல்துறையில் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் கரண்டு போனது, கீபோர்டின் சிவப்பு விளக்கு அணைந்தது, மைக் செத்தது, மின்விசிறிகள் கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றன, ஆனால் ஜூலிட்டா வாசித்துக்கொண்டிருந்த நடுக்கம் மட்டும் நிற்கவில்லை, அவள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகும் நிற்கவில்லை, பங்குச்சாமி பீடத்தில் ஏறிச் சிலுவை போட்டு எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை.

"இன்வெர்ட்டர் நல்லா இழுக்குடே," என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை, பக்கத்தில் இருந்தவரிடம். இன்வெர்ட்டர் ஐந்து மாதமாக டவுனில் மெக்கானிக் கடையில் கிடப்பது அவருக்கே தெரியும். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

நடுக்கம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டை இரண்டு விரலால் மாற்றி மாற்றி வேகமாக அடிப்பது. ஓங்கல்துறைக் கோயிலில் அதற்குச் 'சாமி நடை' என்று பெயர். சாமி உடுப்பு மாற்றும் அறை கோயிலுக்குப் பின்னால் தனியாகக் கிடக்கிறது, அங்கிருந்து கிளம்பி மணலில் சுற்றி முன்வாசல் வழியாக நுழைந்து பீடம் வரைக்கும் நடந்து வர வேண்டும், அதற்குள் வருகைப் பாட்டு நாலு சரணமும் தீர்ந்துவிடும், சாமியோ பாதி வழியில்தான் இருப்பார். அந்த மிச்சத் தூரத்தை நிரப்பத்தான் இந்த நடுக்கம். ஒல்லிச் சாமி வந்த காலத்தில் குறைச்சலாகவும் குண்டுச் சாமி வந்த காலத்தில் அதிகமாகவும் நாற்பது வருஷமாக அதை அடித்தார்கள். சாமி பீடத்தில் கால் வைத்ததும் சத்தத்தைக் குறைக்கிற திருகைத் திருகிவிடுவார்கள். அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் ஒருத்தரும் ஒரு நடுக்கத்தைக்கூட வாசித்து முடித்ததில்லை. அன்றைக்குக் கரண்டு போனதால் திருகைத் திருகி ஒன்றும் ஆகவில்லை. திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது அதுவும் கூடவே வெளியே வந்தது, கொடிமரத்தைச் சுற்றியது, மீன் ஏலக்கூடத்தின் தகரக் கூரையில் ஏறியது, மணலில் இறங்கி வள்ளங்களுக்கு நடுவில் போனது, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே அளவாய், அரிசி புடைக்கிற மாதிரி, ஒரு வெள்ளைக் கட்டைச் சத்தமும் அதற்கு மேல் கட்டைச் சத்தமுமாக நடுங்கிக்கொண்டு நின்றது.

ஜூலிட்டாவுக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு சாரிடம் "இது எனக்குப் புரியவும் இல்ல சார், இதை வச்சு நான் எதுவும் செய்யப் போறதும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. அம்மா மரியதங்கத்தோடு ஏலக்கூடத்தில் மீன் வெட்டுவாள். கோயிலில் வாசித்துக்கொண்டிருந்த கிளமெண்ட் அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து கீபோர்டு அவளிடம். மூன்று மாதம்தான் ஆகிறது. ஜனவரி இருபது செபஸ்தியார் திருவிழா, அன்றைக்குப் பெரிய பூசையில் அவள்தான் வாசிக்க வேண்டும். அவளுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். மற்றது எதைக் கொடுத்தாலும் வாங்கி ஓரத்தில் வைத்துவிடுவாள்.

கிளமெண்ட் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"திருகைக் குறைச்சுப் பாத்தியா?"

"கரண்டே இல்லாமத்தான் அண்ணே கேக்கு."

"அப்ப கூட்டிப் பாரு," என்றான். கப்பலில் சிக்னல் போய்விட்டது.

ஊர் இரண்டு நாள் காதைப் பொத்தியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாலாம் நாள் அதற்கு வேலை கொடுத்தது. மாவு பிசைகிறவர்கள் அதன் தாளத்துக்குப் பிசைந்தார்கள். மார்கழி மூடுபனியில் கரை தெரியாமல் தடுமாறுகிற வள்ளங்கள் இப்போது சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வந்தன, போன வருஷம் இதே பனியில் இரண்டு நாள் காணாமல்போன தொம்மையின் வள்ளம் ஒரு விடியலில் தன் முன்முனையான அணியத்தைக் கொடிமரத்துக்கு நேராக வைத்துக் கரையேறியது. மூன்று மாதமாக வயிற்றுவலியில் கத்திக் கத்தி ஊரையே எழுப்பிவைத்த ரெஜினாளின் கைக்குழந்தை முதல்முறையாகத் தூங்கியது. மத்தி மீன் குவிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து எல்லைக்கல்லில் நின்று கேட்டுவிட்டு, "எங்க பக்கம் கொஞ்சம் திருப்பி விடக்கூடாதா" என்றார்கள். பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஊர்ப்பெயர் சொல்வதை விட்டுவிட்டு உதட்டை நடுக்கிக் காட்டினார். பங்குச்சாமி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், பொறுத்திருந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது, அதைப் பூசையில் வாசித்தார், எல்லோரும் பொறுத்திருந்தார்கள்.

பொறுக்க முடியாதவள் ஒருத்திதான். நடுக்கம் ஊரில் நின்ற அன்றைக்கே ஜூலிட்டாவின் வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் தாமாக ஆடத் தொடங்கியிருந்தன, ஒன்று ஏற ஒன்று இறங்க, ஊரில் எந்த வேகத்தில் சத்தம் கேட்டதோ அதே வேகத்தில், சோற்றில் கை வைத்தால் சோறு சிதறியது, சட்டைப் பித்தான் போட முடியவில்லை, கத்தியைப் பிடித்தால் சீலா மீன் கந்தலானது.

"ஏட்டி, கைய ஒழுங்கா வை," என்றாள் மரியதங்கம்.

"நான் வைக்கல. அதுவா ஆடுது."

அம்மா அந்த இரண்டு விரலையும் தன் ஈரக்கைக்குள் பிடித்துப் பார்த்தாள். பிடிக்குள்ளும் ஆடின, வலையில் கிடக்கிற மீன் மாதிரி. அன்றைக்கு மகளின் பங்கையும் சேர்த்து அவளே வெட்டினாள்.

இரண்டாம் ஞாயிறு ஜூலிட்டா வாசித்தபோது ஒவ்வொரு பாட்டும் கந்தலானது. தொம்மை மறுநாளே சொல்லிவிட்டார்: "திருநாளுக்குப் பக்கத்துப் பங்குக் கோயில்ல இருந்து வாசிக்க ஒரு தம்பிய வரச் சொல்லிருக்கு. நீ கவலப்படாத பிள்ள."

"நான் கவலப்படல மாமா. கோவப்படுதேன்," என்றாள்.

கிளமெண்ட் அண்ணனிடமிருந்து கீபோர்டை வாங்கும்போது அதன் உறைக்குள் ஒரு பழைய புத்தகமும் வந்திருந்தது, அட்டை இல்லாதது, முந்நூறு வருஷத்துக்கு முந்திய, ஐரோப்பாவின் பரோக் காலத்துப் பாட்டுகள். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு, சுரத்தின் தலையில் போடுகிற சின்னச் சின்னக் கோடுகளும் ஒவ்வொன்றையும் எப்படி வாசிக்க வேண்டும் என்ற விளக்கமும். ஜூலிட்டா அவற்றுக்குத் தானே பெயர் வைத்திருந்தாள். நெளிகிற கோடு புழு, அதுதான் நடுக்கம். குறுக்கே ஒரு வெட்டு விழுந்தால் வெட்டுப்புழு, கீழ்க் கட்டையை ஒரே ஒரு தரம் தொட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். சுருண்டு படுத்தது பாம்பு, மேலே போய்க் கீழே போய் நடுவில் வந்து நிற்க வேண்டும். பொடி எழுத்தில் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பது சாய்வு, பெரிய சுரத்தின் நேரத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். அடியில் இருந்த எழுத்துகளை அவள் இதுவரை வாசித்ததில்லை. பள்ளிக்கூட இங்கிலீஷ் என்று விட்டுவிட்டாள். இப்போது போனில் ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுப் பார்த்து, இடது கையால் ஒரு நோட்டில் கோணல்மாணலாக எழுதினாள்.

நடுக்கத்தை மேல் சுரத்தில் தொடங்கு. அடியில் தாங்கிப் பிடிக்கிற அடிச்சுரம் விழுகிற அதே நொடியில் தொடங்கு, முந்திக்கொள்ளாதே. மேல் சுரத்தில் கொஞ்சம் சாய்ந்து நில், அது அடிச்சுரத்தோடு உறுத்தட்டும். மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டு. கடைசியில் இரண்டுக்கும் கீழே உள்ள சுரத்தைத் தொட்டுத் திரும்பி மூடு.

வாசித்துவிட்டு ரொம்ப நேரம் அந்தக் கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளமெண்ட் அண்ணன் கீழ்ச் சுரத்தில்தான் தொடங்குவான், அவளும் அப்படியேதான். புத்தகத்தின்படி நடுங்குகிற இரண்டில் கீழ்ச் சுரம்தான் வீடு. மேல் சுரம் வெளியே நின்று கதவைத் தட்டுகிற ஆள். அது உறுத்துவதே உள்ளே வரத்தான். வீட்டுக்குள் இருந்துகொண்டே ஆடுகிறவனை எந்த வீட்டுக்கு வா என்று கூப்பிடுவது? தொடங்கியதே தப்பு. தொடக்கத்தைத் திரும்பச் செய்தால்தான் முடிவு வரும்.

வலது கை ஆகாது. சரி, இடது கை இருக்கிறதே. நடுவிரலும் ஆள்காட்டி விரலும். மீன் வெட்டும் பலகையின் விளிம்பில், அம்மா பாறை மீனும் சீலாவும் வெட்டிக்கொண்டிருக்க, ஜூலிட்டா இடது கையால் தட்டினாள், பஸ்ஸில் கம்பியில் தட்டினாள், ஜெபமாலை சொல்லும்போது முழங்காலில் தட்டினாள், விரல் வீங்கியதும் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துவிட்டு மறுபடி தட்டினாள், மேலே, கீழே, மேலே, கீழே, சாய்ந்து, மெதுவாக, வேகமாக, திரும்பி, மூடி. வலது கை விரல்கள் பக்கத்திலேயே தம் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை அவள் பார்க்கவே இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அவளுக்குத் தெரியாது.

புதுவருஷம் பிறந்து மூன்றாம் நாள், கோயிலின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, சிநேகிதி பெனிட்டாவைக் கீபோர்டின் இடது கோடியில் நிறுத்தி, "இந்தக் கட்டைய அமுக்கிப் பிடி, நான் சொல்லுத வரைக்கும் விடாத" என்று சொல்லி, இடது கையை வலப்பக்கம் கொண்டுபோய் மேல் சுரத்தில் தொடங்கினாள். சாய்ந்தாள். நடுக்கினாள். மூடினாள்.

கோயிலுக்குள் சத்தம் நின்றது. வலது கை விரல்கள் நின்றன.

"நின்னுட்டுடி!" என்று கத்திக்கொண்டு பெனிட்டா ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே நின்ற நடுக்கம் நனைந்த நாய் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே வந்தது. விரல்கள் மறுபடி ஆடத் தொடங்கின.

"கதவ எதுக்குட்டி திறந்த, லூசு."

"எப்பவும் சாத்தியேவா வைக்க முடியும்?"

பெனிட்டா கேட்டது சரிதான். ஊர் முழுக்க நிற்கிற சத்தம் அது. ஊர் முழுக்க அடிச்சுரம் பிடித்தால்தான் மூடும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜூலிட்டா கொடிமரத்தடியில் நின்றுகொண்டு சுற்றிவளைக்காமல் சொன்னாள்: "வர்ற சனிக்கிழம காலைல நான் இதை மூடப் போறேன். எல்லாரும் வந்து அடிச்சுரம் பிடிக்கணும்."

ஊர் அவளைப் பார்த்தது. பிறகு தொம்மையைப் பார்த்தது.

"மூடவா?" என்றார் தொம்மை. "ஏ பிள்ள, பனில கர தெரியாம நாங்க செத்த சாவு உனக்குத் தெரியுமா? இப்பத்தான் ஆண்டவரு ஒரு வழி காட்டிருக்காரு. உனக்கு ரெண்டு விரலு. எங்களுக்கு நாப்பது வள்ளம்."

"அப்ப உங்க ரெண்டு விரலத் தாங்க மாமா. மாத்திக்கிடுவோம்."

சிரிப்பு எழுந்தது. தொம்மைக்கு முகம் சிவந்தது.

"ஆண்டவரு ஒண்ணும் காட்டல," என்றாள் ஜூலிட்டா. "தப்பா வாசிச்சது நான். கை என் கை. பனி இருக்கிற விடியல் எல்லாம் நானே வந்து குழாய் ஸ்பீக்கர்ல வாசிக்கேன். திறப்பேன், மூடுவேன், திறப்பேன், மூடுவேன். கடைசி வள்ளம் வர்ற வரைக்கும்."

"நீ ஒருநா தூங்கிட்டா? நாளைக்கே கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா?"

"அதுக்குள்ள நீங்களும் ரெண்டு பேரப் படிக்க விடுங்க. ஒருத்தி கையில ஊரக் கட்டிப் போட்டுட்டு அத ஆண்டவரு தந்ததுன்னா என்ன நியாயம்?"

நடுக்கம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ரெஜினாள் கூட்டத்தின் பின்னால் இருந்து முன்னுக்கு வந்தாள், குழந்தை தோளில் கிடந்தது.

"என் புள்ள ஒரு மாசமா அழல," என்றாள்.

"நல்லதுதானே மதினி," என்றாள் யாரோ ஒருத்தி.

"என்னத்த நல்லது? பசிச்சாலும் அழல. காய்ச்சல்ல கெடந்தப்பவும் அழல. தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு. அழுதாத்தான எனக்குத் தெரியும்?" அவள் தொம்மையைப் பார்த்தாள். "நான் பிடிக்கேன் அண்ணாச்சி, அந்த அடிச்சுரத்த. நீங்க பிடிச்சாலும் பிடிக்காட்டாலும்."

தொம்மை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை வெயில் ஏறியபோது கொடிமரத்தடியில் ஊரில் பாதி இருந்தது. கோயில் வாசலில் கீபோர்டு. ஆண்களுக்குக் கீழே ஒரு சுரம், பெண்களுக்கு அதற்கு மேலே ஒன்று. ஜூலிட்டா இரண்டையும் அமுக்கிக் காட்டினாள்.

"வலை கனத்தா கயித்த விடுவீங்களா?"

"விடமாட்டோம்," என்றது கூட்டம்.

"அப்படிப் பிடிங்க. நான் வாசிக்குறது உங்க சத்தத்தோட உரசும். பல்லு கூசும். கூசினாலும் மாறக்கூடாது. நான் தலையாட்டுறப்ப எல்லாரும் ஒண்ணா நகந்து கடைசிச் சுரத்துக்கு வரணும். அதுக்கு முன்னால ஒருத்தர்கூட நகரக்கூடாது."

தொடங்கினார்கள். கீழே ஆண்கள் ம்ம்ம் என்றார்கள், மேலே பெண்கள் ம்ம்ம் என்றார்கள், ஜூலிட்டாவின் இடது கை மேல் சுரத்தில் சாய்ந்தது, அது பெண்களின் சுரத்துக்குப் பக்கத்தில் போய் முள் மாதிரி நின்றது, உடனே முதலில் ஒருத்தி, பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும் வழுக்கி அவள் சுரத்துக்கே வந்துவிட்டார்கள். உறுத்தல் போய்விட்டது. எல்லோருக்கும் சுகமாக இருந்தது. நடுக்கம் அப்படியே நின்றது.

"ஏன் எங்கூட வந்தீங்க?" என்று கத்தினாள்.

"கீபோர்டு எங்க போவுதோ அங்க போவணும்னு நீதானட்டி போன மாசம் திட்டுன!" என்று பாடகர் குழுவில் இருந்து ஒருத்தி திருப்பிக் கத்தினாள்.

"அது பாட்டுக்கு. இது பாட்டில்ல. இதுல என்னோட வராதீங்க. எங்கூட யாரும் வரவேண்டாம். நான் தனியா நிக்கணும், அதுக்கு நீங்க உங்க இடத்துல நிக்கணும். புரியுதா?"

புரிந்த மாதிரி இல்லை. இரண்டாம் முறையும் வழுக்கினார்கள். மூன்றாம் முறை பாதிப் பேர். ஜூலிட்டாவின் இடது மணிக்கட்டு கடுத்தது. போதும் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள், அவள் சொல்லவில்லை, "மறுபடி" என்றாள்.

நாலாம் முறை தொடங்கும்போது ஆண்கள் பக்கம் கீழ்ச்சுரம் திடீரென்று கனத்தது. ஜூலிட்டா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏலக்கூடத்தில் மைக் இல்லாமல் விலை கூவுகிற அந்தக் குரல் ஊரில் ஒன்றுதான் உண்டு. தொம்மை கண்ணை மூடிக்கொண்டு, பாறையில் மாட்டிய வலையைப் பிடித்த மாதிரிக் கால்களை அகட்டி நின்று, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் அவர் வள்ளத்து ஆட்களும் ஊரின் மிச்சப் பாதியும் பிடித்தார்கள், ரெஜினாள் குழந்தையை இறுக்கிக்கொண்டு பெண்களின் சுரத்தைப் பிடித்தாள், பக்கத்தில் மரியதங்கம் மீன் செதில் ஒட்டிய கையைக் காதில் வைத்துக்கொண்டு பிடித்தாள், மேலே ஜூலிட்டாவின் சுரம் வந்து உரசியது, பல் கூசியது, கண்ணில் நீர் வந்தது, யாரும் நகரவில்லை. அவள் சாய்ந்து நின்றாள். அவசரப்படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அவசரப்படவில்லை. பிறகு மெதுவாக அசைத்தாள், மேலே, கீழே, கொஞ்சம் வேகமாக, இன்னும் வேகமாக, ஊரில் நின்ற பழைய நடுக்கம் புது நடுக்கத்தைக் கண்டுகொண்டு அதற்குள் நுழைந்தது, இரண்டும் ஒன்றாயின, அவள் இரண்டுக்கும் கீழே உள்ள சுரத்தைத் தொட்டாள், திரும்பினாள், தலையை ஆட்டினாள்.

ஊர் மொத்தமும் கடைசிச் சுரத்துக்கு இறங்கியது. மூடியது.

கடல் கேட்டது. ஒன்றரை மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. ரெஜினாளின் குழந்தை வாயைத் திறந்து, மூச்சை இழுத்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. ரெஜினாள் சிரித்தாள். ஜூலிட்டா வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். ஐந்து விரலும் சும்மா இருந்தன.

சொன்னபடி பனி விடியல்களில் அவள் வாசித்தாள். முதல் நாளே ஒரு வள்ளம் தெற்கே தள்ளிப் போய் மணலில் ஏறியது. "முன்னப்போல இல்ல பிள்ள," என்று தொம்மை வந்து திட்டினார். "முன்னப்போல இருக்காது மாமா, நிறுத்துற நேரம் அலை எந்தப் பக்கம் அடிக்குன்னு காதக் குடுத்துக் கேளுங்க" என்று அவளும் திட்டினாள். மறுநாள் பெனிட்டாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் புழுவையும் பாம்பையும் காட்டினாள்.

பக்கத்துப் பங்குத் தம்பியை வரவேண்டாம் என்று தொம்மைதான் போன் போட்டுச் சொன்னார்.

செபஸ்தியார் திருவிழாப் பெரிய பூசைக்குக் கோயில் வாசலுக்கு வெளியிலும் சனம் நின்றது. வருகைப் பாட்டு நாலு சரணமும் தீர்ந்தது. சாமி அப்போதுதான் முன்வாசல் தாண்டியிருந்தார். ஜூலிட்டா வலது கையால் மேல் சுரத்தில் தொடங்கினாள், சாய்ந்தாள், நடுக்கினாள், திரும்பினாள், மூடினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாமிக்கு இன்னும் முப்பது அடி பாக்கி இருந்தது. நாற்பது வருஷத்தில் அந்த முப்பது அடியை அந்த ஊர் கேட்டதே இல்லை. செருப்பில் மணல் நறநறத்தது. அங்கி உரசியது. எங்கோ ஒரு வளையல், ஒரு இருமல், ரெஜினாளின் குழந்தையின் அழுகை, அதை யாரும் அடக்கவில்லை. சாமி நடுவழியில் நின்றுவிட்டார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஜூலிட்டாவைப் பார்த்தார்.

"கரண்டு இருக்கு சாமி," என்றாள். "நீங்க நடங்க."

சாமி நடந்தார்.